சம்பந்திக்குப் போட்ட சோயா மீன்

ஊரில் இப்போது ஓடுகிற கதையின்படி, என் மகளின் குடும்பம் பிரிந்து நிற்பதற்குக் காரணம் நான்தான். மாப்பிள்ளை வீட்டாரைக் கூப்பிட்டு, மீன் என்று சொல்லிச் சோயாவைப் போட்டேனாம். ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் படியில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது ஒருவர் மிகுந்த அனுதாபத்தோடு என் தோளைத் தொட்டார். "சேர், நீங்க படிச்ச ஆள். ஒரு ஆட்ட அறுத்திரிந்தா இந்தளவுக்கு வந்திரிக்குமா?" என்றார். சந்தையில் இன்னொருவர் கத்தரிக்காயைத் தூக்கிக் காட்டி, இதுவும் சம்பந்திக்குத்தானா என்று கேட்டுச் சிரித்தார். அவருடைய காணிப் பிணக்கை நான் தீர்த்துக் கொடுத்தவன். அதுவும் அவருக்கு மறந்துவிட்டது.

பிரதேச செயலகத்தில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை செய்து ஓய்வுபெற்றவன் நான். குற்றச்சாட்டு வந்தால் பதில் எழுதுவது என் பழக்கம். பதிலைக் கேட்க யாரும் வரப்போவதில்லை என்று தெரிந்தாலும் எழுதுவேன். ஊர் ஒரு விசாரணை அதிகாரி. ஒரு தரப்பைக் கேட்டதும் கோப்பை மூடிவிடும்.

எங்கள் கிழக்கிலங்கைப் பக்கத்தில் கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வீடு பெண்ணுடையது. அதைக் கட்டிக் கொடுப்பது வாப்பாவின் கடமை என்று எந்தச் சட்டத்திலும் எழுதப்படவில்லை. எழுதப்படாததால்தான் யாரும் அதை மீறுவதில்லை. சட்டமாக இருந்திருந்தால் நானே பத்து வழி சொல்லியிருப்பேன். ஆகவே எங்கள் ஊர்களில் புருசன் பெண்சாதிக்குள் சண்டை வந்தால் கோபித்துக்கொண்டு உம்மா வீட்டுக்குப் போகிறவர் மாப்பிள்ளை. அவரைத் திரும்பக் கூட்டிவருவதற்கும் ஒரு முறை உண்டு. பெண்ணின் தகப்பன் போய்க் கூப்பிட வேண்டும். சோறு போட வேண்டும். அந்தச் சோற்றில் இறைச்சி இருக்க வேண்டும். மரக்கறிச் சோறு போட்டு மாப்பிள்ளையைக் கூப்பிடுவது, வராதே என்று சொல்வதற்குச் சமம்.

என் மகளும் மருமகனும் ஒரே பாடசாலையில் ஆசிரியர்கள். இருவரும் ஒன்றாக இருந்து படித்து அதிபர் சேவைப் பரீட்சை எழுதினார்கள். அவள் தேறினாள். அவர் தேறவில்லை. பழைய அதிபர் ஓய்வுபெற்றதும், அதே பாடசாலைக்கே அவளை அதிபராகப் போட்டார்கள். முதல் நாள் ஆசிரியர் அறைக்கு மஸ்கட் அல்வா வாங்கிக் கொடுத்தவர் மருமகன்தான். அதை நான் மறுக்கவில்லை. நல்ல பையன். மஸ்கட்டும் நல்ல மஸ்கட்.

ஆனால் வரவுப் பதிவேடு அதிபரின் மேசையில் இருக்கும். ஒவ்வொரு நாள் காலையிலும் அவர் போய்ப் பெண்சாதியின் முன்னால் குனிந்து ஒப்பமிட வேண்டும். ஆசிரியர் அறையில் ஒருவர், வீட்டிலும் படுக்கப் போகும்போது இப்படித்தான் சைன் வைக்கிறதா என்று கேட்டாராம். எல்லோரும் சிரித்தார்களாம். பிறகு தவணைப் பரீட்சை நடந்துகொண்டிருந்த ஒரு நாள் அவர் அரை நாள் லீவு கேட்டார். மேற்பார்வைக்கு வேறு ஆளில்லை. அவள் தரவில்லை. நானாக இருந்தாலும் தந்திருக்க மாட்டேன். அன்று பின்னேரம் அவர் உடுப்புகளைக் கட்டி மோட்டார் சைக்கிளில் வைத்து உம்மா வீட்டுக்குப் போய்விட்டார். உடுப்பு அழுத்துகிற அயனையும் கொண்டுபோனார். அது நான் வாங்கிக் கொடுத்தது. அதைப் பற்றி நான் ஒரு வார்த்தை கதைக்கவில்லை. இங்கே எழுதுவதோடு சரி.

அன்றிலிருந்து அவர் பாடசாலைக்கும் போகவில்லை. லீவுக் கடிதமும் இல்லை. சில கிழமை கழித்து அவருடைய தகப்பன் விசயத்தை, கலியாண வழக்குகளைத் தீர்க்கிற காதியாரிடம் கொண்டுபோனார். காதியார் இரண்டு தரப்பையும் பார்த்து, முதலில் குடும்பத்தோடு இருந்து கதைத்து வாருங்கள் என்று தவணை கொடுத்தார். நியாயமான உத்தரவு. கதைப்பதற்கு ஒரு இடம் வேண்டும் என்பதுதான் உத்தரவில் இல்லை.

முடிவு வருமுன் பெண்ணின் வீட்டுக்கு மாப்பிள்ளை கால் வைக்க மாட்டார். அவர்கள் வீட்டில் வைத்தால் பெண் வீட்டார் காலில் விழுந்தது என்று வரும், அதற்கு நான் உடன்படவில்லை. கல்முனையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வைப்போம் என்றேன். சம்பந்தி, நெல்லுக் குற்றுகிற மில்லின் முதலாளி, வெளியில் இறைச்சி தின்ன மாட்டார். எந்த விருந்துக்குப் போனாலும், பல பேர் சுற்றியிருந்து தின்கிற சஹன் தட்டு வந்து இறங்கியதும் அவர் கேட்கிற முதல் கேள்வி, யார் அறுத்தது என்பதுதான். அறுத்தவரின் பெயரைச் சொன்னால், அவர் தொழுகிறவரா என்பது இரண்டாம் கேள்வி. ஒரு கடையில் கோழி எங்கிருந்து வருகிறது என்று கேட்டுக் கேட்டு, கடைசியில் அந்த முதலாளி, கோழியிடமே கேளுங்க ஹாஜியார் என்று சொன்னது ஊர் அறிந்தது.

நான் யோசித்தேன். இறைச்சிதான் பிரச்சினை என்றால் இறைச்சியே நுழையாத இடம் ஒன்று வேண்டும். இந்தக் கரையில் சைவக் கடை என்றால் தோசையும் வடையும்தான். சம்பந்தியைத் தோசைக்குக் கூப்பிட முடியாது. அப்போதுதான் ஒலுவிலுக்கு அப்பால் பொத்துவில் வீதியில் புதிதாகத் திறந்திருந்த சீனச் சைவக் கடை நினைவுக்கு வந்தது. தம்பிலுவில் ஆள் ஒருவர், வெளிநாட்டில் சீனர் ஒருவரின் கடையில் பல வருடம் சமைத்துவிட்டு வந்து போட்டது. அறுகம்பைக்குப் போகிற வெள்ளைக்காரரும் பல்கலைக்கழக விரிவுரையாளர்களும் அங்கே நிற்பார்கள். பார்வைக்கு எல்லாம் இறைச்சி போலவே இருக்கும், ஆனால் ஒன்றிலும் இறைச்சி இல்லை என்று கேள்விப்பட்டிருந்தேன். மரியாதைக்கு மரியாதை, ஹலாலுக்கு ஹலால். கந்தோரில் இப்படி ஒரு தீர்வைக் கண்டுபிடித்தால் மேலதிகாரி அதைத் தன்னுடையது என்று கையெழுத்து வைத்திருப்பார்.

சும்மா போகவில்லை. முதல் நாளே போய்க் குசினியைப் பார்த்தேன். தாச்சியில் எப்போதாவது இறைச்சி பொரித்தீர்களா, மீன் எண்ணெய் உண்டா, முட்டை உண்டா, சீனச் சமையலில் ஊற்றுகிற அரிசிச் சாராயம் உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். கடைக்காரர் ஒவ்வொரு போத்தலாகத் திறந்து மணக்கத் தந்தார். வெங்காயமும் உள்ளியும்கூட இல்லையாம், சீனச் சாமியார்மாரின் முறையாம். சுகாதாரப் பரிசோதகர் பார்த்தாரா என்று கேட்டதற்கு, "ஓம் சேர், ஆனா அவர் இந்தளவுக்குப் பாக்கல்ல" என்றார்.

சனிக்கிழமை லுஹர் தொழுதுவிட்டு எல்லோரும் வந்து சேர்ந்தோம். எங்கள் பக்கம் நான், என் பெண்சாதி, மகள். அவர்கள் பக்கம் சம்பந்தி, அவர் பெண்சாதி, மருமகன். மகளைக் கூட்டிவந்தது அவர்களுக்குப் பிடிக்கவில்லை. இப்படியான இடத்தில் பெண்ணைப் பற்றிக் கதைப்பார்கள், பெண்ணோடு கதைப்பதில்லை. சம்பந்திப் பெண், "அவவுக்கு என்னத்துக்கு அலைச்சல்?" என்று கேட்டார். காதியாருக்கு முன்னால் நிற்கப்போவது அவள்தானே என்றேன் நான்.

வந்ததும் சம்பந்தி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சாப்பாட்டு அட்டையை எடுத்தார். மூன்று மொழியிலும் எழுதியிருந்தது. அவருடைய விரல் ஒரு இடத்தில் நின்றது.

"சேர், இங்க பண்டி எண்டு போட்டிருக்கே."

நான் குசினியைப் பார்த்தேன், போத்தலைப் பார்த்தேன், அட்டையைப் பார்க்கவில்லை. இனிப்புப் புளிப்புப் பன்றி என்று எழுதி, பக்கத்தில் சைவம் என்று போட்டிருந்தது. "அது பேர் மட்டும்தான் மச்சான்" என்றேன்.

"பேர வச்சாப் பொறகு என்ன மிச்சம்?"

சம்பந்திப் பெண் முக்காட்டின் நுனியால் மூக்கை மூடிக்கொண்டார், மணம் வந்துவிட்டது போல. கடைக்காரர் ஓடிவந்து, வேண்டுமானால் பேனையால் வெட்டிவிடுகிறேன் ஐயா என்றார். உண்மையாகவே வெட்டினார். பன்றிக்குப் பிறகு தாரா என்ற வாத்தையும் வெட்டப்போனார். தாரா தின்ன ஆகுமான பிராணிதான் என்று நான் தடுத்தேன். எஞ்சியதிலிருந்து நானே சொல்லி எடுத்தேன். ஆட்டிறைச்சிப் பிரட்டல், முழு மீன், இறால், கீரை, சூப், வெள்ளைச் சோறு. எல்லாம் பெயரளவில்.

மேசை வட்டம். நடுவில் ஒரு பெரிய கண்ணாடித் தட்டு, கையால் தள்ளினால் சுற்றிக் கிறுகும். கடைக்காரர் கொண்டுவந்து வைத்தார், வைத்துவிட்டு வெள்ளைக்காரர் மேசைக்குப் போய்விட்டார். இங்கேதான் ஊருக்குத் தெரியாத விசயம் நடந்தது. யாருமே தட்டைக் கிறுக்கவில்லை.

தனக்கு முன்னால் உள்ளதைத் தின் என்பது எங்களுக்கு எழுத்துக்கு முன்பே படிப்பிக்கப்படுகிற பாடம். ஒரு சஹனைச் சுற்றி ஆறு பேர் இருந்தால் ஆறு கையும் தன் தன் எல்லைக்குள்ளேயே நிற்கும். வரம்பு போட்ட வயல் மாதிரி. இறைச்சித் துண்டு அடுத்தவர் பக்கம் கிடந்தால் அது அடுத்தவருக்கு அல்லாஹ் அளந்த றிஸ்க். இப்படிப் பழகிய ஆறு பேரைக் கிறுகிற மேசையில் இருத்தினால் என்ன ஆகும்? கடைக்காரர் எதை எங்கே வைத்தாரோ அதுவே அவரவர் விதி. மீன் சம்பந்தியின் முன்னால். இறால் அவர் பெண்சாதியின் முன்னால். ஆட்டிறைச்சி என் மகளின் முன்னால். என் பெண்சாதிக்குக் கீரை. எனக்குச் சூப். மருமகனின் முன்னால் வெள்ளைச் சோற்றுக் கோப்பை மட்டும்.

அவர் பிஸ்மி சொல்லிவிட்டு வெறும் சோற்றைத் தின்னத் தொடங்கினார். தலை நிமிரவில்லை. விருந்து கொடுக்கிறவன் நான், கிறுக்க வேண்டியவன் நான்தான். ஆனால் கிறுக்கினால் மீன் சம்பந்தியை விட்டுப் போகும். சம்பந்தியின் முன்னாலிருந்து சாப்பாட்டைப் பறித்தவன் என்ற பெயரை நான் எடுக்க விரும்பவில்லை. சூப்பைக் குடித்தேன். சூப் நன்றாகத்தான் இருந்தது, இந்த நிலைமைக்கு.

சம்பந்தி மீனில் பாதியை முடித்திருந்தார். முன்னமே சொல்லியிருந்தேன், மரக்கறிக் கடை என்று. ஆனால் சொல்வதைக் கேட்பதும் நம்புவதும் வேறு. கண்ணுக்கு முன்னால் செதிலும் தோலும் வாலுமாக மீன் கிடக்கிறது. மீனுக்கு அறுப்புத் தேவையில்லை, ஆகவே அதில் அவருக்குச் சந்தேகமில்லை. சந்தேகம் மகளின் முன்னாலிருந்த ஆட்டிறைச்சியில்தான் வந்தது. கடைக்காரரைக் கூப்பிட்டார்.

"இந்த ஆட்ட ஆரு அறுத்த?"

"ஐயா, இது ஆடில்ல. காளானும் சோயாவும்."

"அப்ப இது?" என்று மீனைக் காட்டினார்.

"அதுவும் சோயாதான் ஐயா. தோல் மட்டும் கடல்பாசி."

அவருடைய வாய் அசைவது நின்றது. "முள்ளில்லாம இரிக்கக்குள்ளயே நான் நினைச்சன்" என்றார் அவர் பெண்சாதி, நான்கு இறாலைத் தின்று முடித்த பிறகு.

சம்பந்தி கையைக் கழுவினார். மெதுவாகத்தான் கதைத்தார், பக்கத்து மேசைக்கும் கேட்கிற மெதுவில். அவருடைய பரம்பரையில் எந்தப் பெண் வீட்டாரும் மாப்பிள்ளைக்குச் சோயா அவரையைப் போட்டதில்லையாம். மோட்டுச் சனம் என்று நினைத்துத்தான் பொய் மீனைப் போட்டேனாம். ஒரு கிடாய்க்கு வழியில்லை என்று சொல்லியிருந்தால் அவரே அனுப்பியிருப்பாராம். இறைச்சி என்றால் யார் அறுத்தது, இறைச்சி இல்லை என்றால் ஏன் அறுக்கவில்லை. இந்த மனிதருக்குச் சரியான சாப்பாடு என்று ஒன்று இந்த உலகத்தில் படைக்கப்படவில்லை. எனக்கு அப்போதே காது சூடேறிவிட்டது. ஆனால் மகளின் முகத்தைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

சம்பந்திப் பெண் தொடர்ந்தார். வீட்டில் சமைத்துப் போட நேரமில்லாத பெண்ணின் வீட்டார் கடையில்தானே போடுவார்கள் என்றார். மூன்று வருடமாக வயிறும் திறக்கவில்லை என்றார். "அவ பள்ளிக்கூடத்தையே புள்ளயா வளக்கிறா. எங்கட மகன் அதுக்குத் தொட்டில ஆட்டணும்."

என் பெண்சாதி வாயைத் திறக்காத ஆள். அன்று திறந்தார். "இவளப் பத்தி நீங்க ஊரெல்லாம் பொறத்தால கதைச்ச கதைக்கு, இந்த மேசையில இறைச்சி ஒண்டு வேறயா வேணும் மச்சி?"

புறம் பேசுவது செத்த சகோதரனின் இறைச்சியைத் தின்பதற்குச் சமம் என்று எங்கள் ஊரில் குர்ஆன் மத்ரசாவுக்குப் போன எந்தப் பிள்ளைக்கும் தெரியும். சம்பந்திப் பெண்ணுக்கும் தெரியும். முகம் கறுத்தது.

 மகள் திடீரென்று கையை நீட்டித் தட்டைக் கிறுக்கினாள். மீன் சம்பந்தியை விட்டுப் போனது. இறால் போனது. ஆட்டிறைச்சி வந்து புருசனின் முன்னால் நின்றது.

"வெறுஞ்சோறு திங்காதீங்க" என்றாள். "எடுங்க."

அவர் உம்மாவைப் பார்த்தார். பிறகு ஒரு துண்டை எடுத்து வாயில் வைத்தார். இன்னொரு துண்டு எடுத்தார். "நல்லாரிக்கி" என்றார். பிஸ்மிக்குப் பிறகு அன்று அவர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை அதுதான். மகளின் உதடு கொஞ்சம் அசைந்தது. எனக்கு அந்த நிமிடம், இது சரிவந்துவிடும் போலிருக்கிறதே என்று பட்டது. கடைக்காரரை எழுந்து போய்க் கட்டிப்பிடித்திருப்பேன்.

"தின்றது கிடக்கட்டும்" என்றார் சம்பந்தி. "விசயத்தக் கதைப்பம்."

விசயம் இதுதான். மகள் அந்தக் கதிரையை விட வேண்டும். அதிபர் பதவி வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் பழையபடி ஆசிரியையாக இருக்கலாம். அல்லது வேலையையே விடலாம், சோறு போட அவர்களால் முடியும். பெண்சாதிக்கு முன்னால் குனிந்து சைன் வைக்கிற ஆம்பிளையை அவருடைய குடும்பத்தில் யாரும் பெறவில்லை. மருமகனுக்கு வேறு பாடசாலைக்கு இடமாற்றம் எடுத்தால் போதுமே, ஒத்துமாறலுக்கு, அவரோடு இடத்தை மாற்றிக்கொள்ள ஆளையும் நான் பார்த்து வைத்திருக்கிறேன், விண்ணப்பத்தையும் நானே எழுதித் தருகிறேன் என்றேன். ஆம்பிளை ஏன் எழும்ப வேண்டும், எழும்ப வேண்டியது பெண் என்றார். மருமகன் ஆட்டிறைச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இதுவரைக்கும் நான் எதிர்பார்த்தது. மடமை, ஆனால் தெரிந்த மடமை. இதற்கு அடுத்து வந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. சம்பந்தி குரலைத் தாழ்த்தினார். இவ்வளவு நேரமும் சேர் என்றவர், மச்சான் ஆக்கினார்.

"இன்னொரு சின்ன விசயம் மச்சான். இவன் பள்ளிக்கூடம் போகாத நாள் எல்லாம் வெறுமையாக் கிடக்காம். சம்பளம் நிண்டிரும் எண்டு சொல்றாங்க. கதிரைய விடுறதுக்கு முன்ன மகள்ட்ட சொல்லி, வந்த மாதிரி ஒரு ஒப்பத்தப் போட்டுச் சரிசெய்யச் சொல்லுங்க. புருசன்ட விசயந்தானே. ஆருக்குத் தெரியப்போகுது?"

அவள் அந்தக் கதிரையில் இருக்கப்படாது. ஆனால் அந்தக் கதிரையின் கையெழுத்து வேண்டும். அதிபராக இருப்பது ஆம்பிளைக்கு அவமானம். ஆனால் அதிபராகக் களவு செய்து கொடுத்தால் அது பெண்சாதியின் கடமை. பன்றி என்ற வெறும் எழுத்துக்கு மூக்கைப் பொத்திய குடும்பம் இது. சோயாவில் ஹறாம் தேடிய மனிதர் இவர். வராத நாளுக்கு வந்ததாகச் சம்பளம் வாங்குவதை யார் அறுத்தது என்று அவர் கேட்கவில்லை.

நான் எழும்பினேன். என்ன சொன்னேன் என்பதை முழுதாக எழுத மாட்டேன். அரசாங்கப் பதிவேட்டில் பொய்யாக ஒப்பமிட்டால் வேலை போவது யாருக்கு, வழக்கு வருவது யாருக்கு என்று சொன்னேன். மில்லில் மற்றவனின் நெல்லை நிறுக்கிற தராசு மாதிரி இல்லை இது என்றும் சொன்னேன். அது கூடிப்போனது என்று என் பெண்சாதி பிறகு சொன்னார். கூடவில்லை. குறைந்தது. சம்பந்தியும் எழும்பினார். பென்சன்காரருக்கு எல்லாச் சட்டமும் தெரியும், குடும்பம் நடத்த மட்டும் தெரியாது என்றார். வெள்ளைக்காரர் இருவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு எங்களைப் பார்த்தார்கள். அவர்கள் காசு கொடுத்து வந்த இடத்தில் எங்கள் மானம் இலவசம்.

"வாப்பா, இரிங்க" என்றாள் மகள். பிறகு மாமனாரைப் பார்க்காமல், புருசனைப் பார்த்துக் கேட்டாள்.

"அந்த ஒப்பம் உங்களுக்கு வேணுமா? மாமா கேக்கல்ல. நீங்க சொல்லுங்க."

அவர் கோப்பையில் மிச்சமிருந்த சோற்றை விரலால் ஒதுக்கினார்.

"வேணுமெண்டா நீங்க வந்து கேளுங்க. ஒபிசுக்கு வந்து, என்ட மேசைக்கு முன்னால நிண்டு கேளுங்க. நான் ஏலாது எண்டு சொல்லுவன். லீவுக் கடிதம் தந்தா எடுப்பன். மறுகா ரெண்டு பேரும் ஒண்டா வீட்ட போவம்."

ஒரு நல்ல ஆம்பிளைக்கு இதற்கு மேல் என்ன கதவைத் திறந்துவைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. மருமகன் தலையைத் தூக்கினார். அவளைப் பார்த்தார். வாயைத் திறக்கப்போகிறார் என்றே நினைத்தேன். திறக்கவில்லை. கழுத்து மெதுவாகத் தகப்பனின் பக்கம் திரும்பியது. முப்பது தாண்டிய ஆள், பட்டதாரி, வகுப்பில் பிள்ளைகளுக்குத் துணிவு பற்றிக் கட்டுரை எழுதக் கொடுக்கிறவர், தன் வாயைத் திறக்கத் தகப்பனின் முகத்தில் அனுமதி தேடினார்.

மகள் கையைக் கழுவ எழும்பிப் போனாள். அவர்கள் மூன்று பேரும் போனார்கள். போகும்போது சம்பந்தி கடைக்காரரிடம், மீன் இல்லாத ஊரா இது, கடலைப் பார்த்துக்கொண்டு சோயாவில் மீன் செய்கிறாயே என்று கேட்டுவிட்டுத்தான் போனார். அந்த ஒரு வசனத்தைத்தான் ஊர் எடுத்துக்கொண்டது. ஒப்பத்தைப் பற்றி அவர் வெளியில் யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல மாட்டார்தானே.

வீட்டுக்கு வந்தும் எனக்கு ஆறவில்லை. மறுநாள் பின்னேரம் மகள் என் கதிரைக்குப் பக்கத்தில் வந்து இருந்தாள். அறிவிக்காமல் இத்தனை நாள் வராத ஆசிரியரைப் பற்றி வலயக் கல்விப் பணிமனைக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். ஏற்கனவே பிந்திவிட்டது. வேறு யாராவது என்றால் எப்போதோ அனுப்பியிருப்பாள்.

"அனுப்பவா வாப்பா?" என்று கேட்டாள்.

எனக்கு இது பிடித்த கேள்வி. முதல் அறிக்கை எப்படி எழுத வேண்டும், பதிவுத் தபாலில் போட வேண்டிய காரணம், சம்பளம் எந்தக் கட்டத்தில் நிற்கும், பதவியைத் தானாக விட்டுப்போனதாகக் கருதுகிற அறிவித்தல் எப்போது வரும், மேன்முறையீடு யாருக்கு என்று ஒன்றும் விடாமல் சொன்னேன். தன் புருசனைப் பற்றித் தானே அறிக்கை எழுதுவதில் உள்ள சிக்கலையும், அதைப் பிரதி அதிபரைக் கொண்டு உறுதிப்படுத்துகிற முறையையும் சொன்னேன். அவள் முழுதையும் கேட்டாள்.

"இதெல்லாம் எனக்கும் தெரியும். பரீட்சைக்குப் படிச்சதுதான்" என்றாள். "நான் வாப்பாட்டக் கேட்டன். கந்தோர்ல இரிந்தவர்ட்ட கேக்கல்ல."

நான் கண்ணாடியைக் கழற்றி வைத்தேன். பிறகு, "உனக்கு அவர் வேணுமா மகள்?" என்று கேட்டேன்.

"வேணும்." முக்காட்டைச் சரிசெய்தாள். "அந்த ஒப்பத்தப் போட்டு வேணாம்."

"அப்ப அனுப்பு" என்றேன்.

திங்கட்கிழமை அவளே எழுதி, அவளே கையெழுத்திட்டு அனுப்பினாள். எனக்குக் காட்டவில்லை. பிழை பார்க்கக் கேட்பாள் என்று கண்ணாடியைத் துடைத்து வைத்திருந்தேன்.

அடுத்த கிழமை மருமகன் அவளுக்குத் தொலைபேசி எடுத்தார். தகப்பனுக்குத் தெரியாமல் மில்லுக்குப் பின்னாலிருந்து எடுத்ததாக அவள் சொன்னாள். பின்னால் நெல் குற்றுகிற சத்தம் கேட்டதாம். சம்பளமற்ற லீவுக்குக் கடிதம் எப்படி எழுதுவது என்று கேட்டாராம். அவள் சொல்லிக் கொடுத்தாளாம். நேரில் கொண்டுவாங்க, காலையில் மணி அடிக்குமுன் வாங்க என்றாளாம்.

இதை எழுதுகிற இன்று வரை அவர் வரவில்லை. காதியாரின் அடுத்த தவணை நெருங்குகிறது. அவள் ஒவ்வொரு நாளும் மணி அடிக்குமுன் போய்விடுகிறாள்.